ஹட்சன் நதியின் மேல் 2 மணி 51 நிமிடம்: அமெரிக்க வானத்தைத் திறந்த சைக்கிள் மெக்கானிக் கிளென் கர்ட்டிஸ்

நியூயார்க் போகும் சின்ன விமான பைலட்களுக்கு ஒரு ஆசை உண்டு. ஹட்சன் நதியின் மேலேயே தாழப் பறக்கணும்; ஒரு பக்கம் மன்ஹாட்டன் கட்டடங்கள், இன்னொரு பக்கம் நியூ ஜெர்சி கரை, எதிரே சுதந்திர தேவி சிலை. யூடியூபில் தேடினால் இந்தப் பயணத்தின் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கும். நான்கு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம், காதில் ஹெட்செட், கையில் ஜி.பி.எஸ். பார்க்கவே ஜாலியா இருக்கும்.

1910-ல் இதே நதியின் மேல் ஒருத்தர் பறந்தபோது இதில் எதுவுமே இல்லை. மூங்கிலும் மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய விமானம். பைலட்டைச் சுற்றி சுவரோ கண்ணாடியோ கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவரே செய்த இன்ஜின். கீழே விழுந்தால் தண்ணீரில் மிதக்க விமானத்தின் அடியில் மிதவைகள். நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் அல்பனியில் இருந்து நியூயார்க் நகரம் வரை சுமார் 240 கிலோமீட்டர். வழியில் நிறுத்திய நேரத்தைக் கழித்துவிட்டால், 2 மணி 51 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் கிளென் ஹேமண்ட் கர்ட்டிஸ். விமானம் என்றாலே ரைட் சகோதரர்கள் பெயர் நினைவுக்கு வரும். அவர்களோடு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் மோதிய கர்ட்டிஸின் பெயர் அந்த அளவுக்கு நம்ம ஊரில் பரிச்சயம் இல்லை. ஆனால் விமானம் தாங்கிக் கப்பல், கடல் விமானம், விமானப் பயிற்சி என்று எந்தப் பக்கம் போனாலும் இவர் கை பட்டிருக்கும்.

யார் இந்த கர்ட்டிஸ்?

1878 மே 21-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹேமண்ட்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். கியூகா ஏரிக்கரை, சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். நியூயார்க் மாநிலம் என்றாலும் மன்ஹாட்டனுக்கும் இந்த ஊருக்கும் ரொம்ப தூரம்.

சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். தங்கை ரூதாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போனது. அவளைப் படிக்க வைக்க, காது கேளாதோர் பள்ளி இருந்த ராச்செஸ்டர் நகரத்துக்குக் குடும்பம் இடம் மாறியது. கர்ட்டிஸின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. வேலைக்குப் போனார்.

முதலில் பின்னாளில் கோடாக் ஆன ஈஸ்ட்மன் நிறுவனத்தில் வேலை. பிறகு தந்தி நிறுவனத்தில் டெலிவரி பையன். சைக்கிளில் ஊர் முழுக்க தந்தி கொண்டுபோய்க் கொடுக்கணும். சீக்கிரம் கொடுத்தால் நல்லது. அந்த வேகம் அவருக்குப் பிடித்துப்போனது. சைக்கிள் ரேஸ்களில் கலந்துகொண்டார். 1898-ல் லீனா நெஃப் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். சொந்த ஊருக்குத் திரும்பி சைக்கிள் கடை போட்டார். ரைட் சகோதரர்களும் ஒஹையோவில் சைக்கிள் கடைதான் வைத்திருந்தார்கள் என்பது இந்தக் கதையில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

தக்காளி டப்பாவில் தொடங்கிய இன்ஜின்

மிதிப்பது போதாது, சைக்கிளில் மோட்டார் வைக்கணும் என்று கர்ட்டிஸுக்குத் தோன்றியது. கிடைத்த பாகங்களை வைத்து ஒரு இன்ஜினைப் பூட்டினார். பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குப் பதிலாக ஒரு காலி தக்காளி டப்பாவைப் பயன்படுத்தினார். வண்டி ஓடியது. ஆனா அவருக்குத் திருப்தி இல்லை. இன்ஜின் கனமாக இருந்தது, சக்தி குறைவாக இருந்தது. அதனால் தானே இன்ஜின் செய்ய ஆரம்பித்தார்.

குறைந்த எடை, அதிக சக்தி. கர்ட்டிஸ் மோட்டார் சைக்கிள் ரேஸ்களில் ஜெயித்தது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். அதே விஷயம்தான் வானத்தில் பறக்க முயன்றவர்களுக்கும் தேவைப்பட்டது. 1904-ல் தாமஸ் பால்ட்வின் என்ற பலூன் வீரர் தனது வான்கப்பலுக்குக் கர்ட்டிஸின் இன்ஜினை வாங்கிப் பொருத்திப் பறக்கவிட்டார். விமானத் துறைக்குள் கர்ட்டிஸ் நுழைந்தது இப்படி ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரியாகத்தான்.

1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை. வான்கப்பலுக்காகச் செய்த எட்டு சிலிண்டர் வி-8 இன்ஜினை ஒரு நீளமான மோட்டார் சைக்கிளில் வைத்து ஓட்டிப் பார்த்தார். ஒரு மைல் தூரத்தை 26.4 விநாடியில் கடந்தார். மணிக்கு 136 மைல், அதாவது சுமார் 219 கிலோமீட்டர். அன்றைக்கு எந்தக் காரும் ரயிலும் தொடாத வேகம். திரும்பி வரும் ஓட்டத்தில் வண்டி உடைந்துபோனதால் அதிகாரப்பூர்வ சாதனையாகப் பதிவாகவில்லை. ஆனால் உலகின் அதிவேக மனிதர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த வேகத்துக்கு நடுவே வீட்டில் ஒரு துக்கமும் இருந்தது. முதல் குழந்தை கார்ல்டன், ஒரு வயது நிறைவதற்குள் 1902-ல் இறந்துபோனான். அடுத்த குழந்தை பிறக்க தம்பதி பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

டெலிபோன் கண்டுபிடித்தவரிடம் இருந்து வந்த அழைப்பு

டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுக்கு வயதான காலத்தில் விமான ஆசை பிடித்துக்கொண்டது. 1907-ல் ஒரு சிறிய குழுவை அமைத்தார். பெல், இரண்டு கனடா இளம் இன்ஜினீயர்கள், அமெரிக்க ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ், இன்ஜினுக்கு கர்ட்டிஸ் என மொத்தம் ஐந்து பேர். இதற்குப் பணம் போட்டவர் பெல்லின் மனைவி மேபல். மேபலுக்கும் காது கேட்காது. காது கேளாத தங்கையோடு வளர்ந்த கர்ட்டிஸ் இந்த வீட்டில் அந்நியராக உணர வாய்ப்பில்லை.

குழு அடுத்தடுத்து விமானங்களைக் கட்டியது. அதில் மூன்றாவது, கர்ட்டிஸ் முன்னின்று வடிவமைத்த 'ஜூன் பக்'. 1908 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். முன்கூட்டியே அறிவித்து, ஊர் மக்களும் நிருபர்களும் நடுவர்களும் கூடியிருக்க, ஹேமண்ட்ஸ்போர்ட்டில் கர்ட்டிஸ் பறந்தார். ஒரு கிலோமீட்டர் பறந்தால் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையின் கோப்பை. அவர் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பறந்தார்.

ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டவர்கள். ஆனால் காப்புரிமை பயத்தில் பல வருடங்கள் பொதுவெளியில் காட்டாமல் இருந்தார்கள். அதனால் பெரும்பாலான அமெரிக்கர்கள் விமானம் பறப்பதைப் பற்றி நம்பிக்கையோடு படித்த முதல் செய்தி கர்ட்டிஸுடையதுதான்.

இரண்டே மாதத்தில் முதல் பலி விழுந்தது. செப்டம்பர் 17-ல் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் பயணியாக ஏறிய செல்ஃப்ரிட்ஜ், விமானம் விழுந்து இறந்தார். மோட்டார் விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் கர்ட்டிஸின் சொந்தக் குழுவைச் சேர்ந்தவர்.

ரைட் சகோதரர்களோடு என்ன சண்டை?

விமானம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அதை எப்படி நேராக்குவது? அந்தக் காலத்தின் மிகப் பெரிய கேள்வி இது. ரைட் சகோதரர்கள் இறக்கை முழுவதையும் கம்பியால் இழுத்து லேசாக முறுக்கினார்கள். ஒரு பக்கம் தூக்கும் விசை கூடும், இன்னொரு பக்கம் குறையும், விமானம் நிமிரும். 1906-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

கர்ட்டிஸ் தரப்பு இறக்கையை முறுக்கவில்லை. இறக்கையோடு தனியாக ஒரு சிறிய பலகையைக் கீல் வைத்துப் பொருத்தி, அதை மட்டும் மேலும் கீழும் அசைத்தார்கள். எய்லெரான் என்று பெயர். இன்று ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால், விமானம் திரும்பும்போது இறக்கை ஓரத்தில் ஒரு பகுதி அசைவது தெரியும். அதுதான். கர்ட்டிஸ் விமானத்தில் இதை இயக்க கைகூட தேவையில்லை. பைலட்டின் தோளைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும். எந்தப் பக்கம் நிமிர்த்தணுமோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்த்தால் போதும். மோட்டார் சைக்கிள் ஓட்டியவரின் யோசனை!

எப்படிச் செய்தாலும் அடிப்படை ஐடியா எங்களுடையது என்றார்கள் ரைட் சகோதரர்கள். 1909 ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். அதே மாதம் பிரான்ஸின் ரீம்ஸ் நகரத்தில் நடந்த உலகின் முதல் பெரிய விமானப் போட்டியில், ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளேரியோவை சுமார் 6 விநாடி வித்தியாசத்தில் தோற்கடித்து கர்ட்டிஸ் கோப்பையோடு நாடு திரும்பினார். ஊரில் வரவேற்பும் காத்திருந்தது, நீதிமன்ற நோட்டீஸும் காத்திருந்தது.

1910 ஜனவரியில் நீதிமன்றம் கர்ட்டிஸ் விமானங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மேல்முறையீடு இருந்ததால் தொடர்ந்து பறக்க முடிந்தது. ஆனா தலைக்கு மேல் கத்தி. போதாக்குறைக்கு, அகஸ்டஸ் ஹெர்ரிங் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனியும் தடுமாறியது. தன்னிடம் முக்கியமான காப்புரிமைகள் இருப்பதாகச் சொல்லி கூட்டாளியானவர் ஹெர்ரிங். அப்படி எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கம்பெனி 1910-ல் திவாலானது.

வழக்குச் செலவு, கடன், வேலையாட்களின் சம்பளம். இந்த நேரத்தில்தான் ஒரு பத்திரிகை அறிவித்திருந்த பரிசு கர்ட்டிஸின் கண்ணில் பட்டது.

10,000 டாலர் பரிசு: ஏன் ஹட்சன் நதி?

1609-ல் ஹென்றி ஹட்சன் இந்த நதியில் கப்பலில் ஏறிவந்தார். 1807-ல் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு நியூயார்க்கில் இருந்து அல்பனிக்கு 32 மணி நேரத்தில் போனது. இந்த இரண்டையும் கொண்டாட 1909-ல் நியூயார்க்கில் பெரிய விழா எடுத்தார்கள். அதை ஒட்டி ஜோசப் புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகை, இரண்டு நகரங்களுக்கு இடையே பறந்து காட்டுபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்தது. வழியில் இரண்டு முறை நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த விழாவில் பறக்க கர்ட்டிஸையும் வில்பர் ரைட்டையும் அழைத்திருந்தார்கள். காற்று ஒத்துழைக்காததால் கர்ட்டிஸால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. வேறு ஊரில் ஒப்பந்தம் இருந்ததால் கிளம்பிப் போய்விட்டார். அக்டோபர் 4-ல் வில்பர், விமானத்தின் அடியில் ஒரு சிறு படகைக் கட்டிக்கொண்டு கவர்னர்ஸ் தீவில் இருந்து ஹட்சன் மேலே மன்ஹாட்டனின் வடபகுதி வரை போய், சுமார் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். கர்ட்டிஸுக்கு அது அவமானமான வாரம்.

1910 மே வரை அல்பனி பரிசை யாரும் வாங்கவில்லை. காரணம் எளிது: அமெரிக்காவில் அதுவரை யாரும் ஒரு நகரத்தில் இருந்து இன்னொரு நகரத்துக்கு இவ்வளவு தூரம் பறந்ததே இல்லை.

நதி வழியில் ஒரு பெரிய வசதி உண்டு. வரைபடமே தேவையில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். இன்ஜின் நின்றால் கீழே மரமோ வீடோ இல்லாத சமதளம், அதாவது நீர்ப்பரப்பு. ஆனால் அதே நதியில் ஆபத்தும் உண்டு. நடுவழியில் ஹட்சன் மேட்டு நிலம் என்ற பகுதியில் நதி இரண்டு பக்க மலைகளுக்கு நடுவே குறுகிப் போகும். மலைச்சரிவில் மோதி வரும் காற்று அங்கே தாறுமாறாகச் சுழலும்.

கர்ட்டிஸ் முதலில் படகில் போய் நதியை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். எங்கே இறங்கலாம், எங்கே பெட்ரோல் வைக்கலாம் என்று குறித்துக்கொண்டார். விமானத்தின் அடியில் மிதவைகள் கட்டினார். விழுந்தால் நனையாமல் இருக்க மீன்பிடிப்பவர்கள் அணியும் ரப்பர் கால்சட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

மே 29, 1910: என்ன நடந்தது?

அல்பனியில் நல்ல காற்றுக்காகச் சில நாட்கள் காத்திருந்தார். தினமும் கிளம்புவார் கிளம்புவார் என்று வந்த நிருபர்கள் பொறுமை இழந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வானம் தெளிந்தது. ஏழு மணிக்குக் கொஞ்சம் மேலே, நதித் தீவு ஒன்றின் வயல்வெளியில் இருந்து கர்ட்டிஸ் எழும்பினார்.

கிழக்குக் கரையை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு சிறப்பு ரயிலை வாடகைக்கு எடுத்திருந்தது. அதில் நிருபர்கள், மெக்கானிக்குகள், கூடவே லீனா கர்ட்டிஸ். மேலே கணவர், கீழே ரயிலில் மனைவி. ஜன்னல்களில் இருந்து கைகளும் கொடிகளும் ஆடின. சில இடங்களில் ரயிலும் விமானமும் அருகருகே வந்தன.

பொக்கிப்சி நகரத்தின் உயரமான ரயில் பாலத்தைத் தாண்டி, அருகே ஒரு வயலில் முதல் முறை இறங்கினார். அங்கே பெட்ரோல் தயாராக இருக்கும் என்று ஏற்பாடு. வந்து பார்த்தால், இல்லை! வேடிக்கை பார்க்க காரில் வந்தவர்கள் தங்கள் வண்டியில் இருந்து பெட்ரோலும் ஆயிலும் கொடுத்தார்கள். பல மாத ஏற்பாட்டைக் காப்பாற்றியது வழிப்போக்கர்களின் உதவிதான்.

அடுத்து ஸ்டார்ம் கிங் மலை. பெயருக்கு ஏற்ற இடம். இரண்டு மலைகளுக்கு நடுவே நுழைந்ததும் காற்று விமானத்தைப் பிடித்துக் குலுக்கியது. திடீரென்று விமானம் பக்கவாட்டில் சாய்ந்து கீழே சரிந்தது. சீட் பெல்ட் எல்லாம் கிடையாது. இருக்கையில் இருந்தே தூக்கி எறியப்படும் நிலை. உடம்பைச் சாய்த்துச் சாய்த்து இறக்கையை நிமிர்த்தினார். அந்த நேரத்தில் அவர் உயிரைக் காப்பாற்றியவற்றில், நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்த அதே எய்லெரானும் ஒன்று. காற்று கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்று நீர்மட்டத்தை ஒட்டித் தாழ இறங்கிப் பறந்து, மலைப்பகுதியைக் கடந்தார்.

நகரத்தை நெருங்கும்போது இன்னொரு சிக்கல். இன்ஜின் ஆயில் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. ஆயில் தீர்ந்தால் இன்ஜின் இறுகிவிடும். மன்ஹாட்டனின் வடமுனையில் இன்வுட் என்ற பகுதியில் ஒரு பெரிய வீட்டின் புல்வெளி கண்ணில் பட்டது. அங்கே இறங்கிவிட்டார். நியூயார்க் நகர எல்லைக்குள் வந்துவிட்டதால் பரிசுக்கான நிபந்தனை அங்கேயே நிறைவேறிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. ஆயில் நிரப்பிக்கொண்டு மறுபடியும் எழும்பினார். ஞாயிறு காலை, செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நதிக்கரை, மொட்டை மாடி, படகு எங்கும் கூட்டம். கப்பல்கள் சங்கு ஊதின. மன்ஹாட்டனின் மேற்குக் கரை முழுவதையும் கடந்து, நண்பகல் வாக்கில் கவர்னர்ஸ் தீவில் இறங்கினார். எட்டு மாதத்துக்கு முன் வில்பர் ரைட் கைதட்டல் வாங்கிய அதே தீவு.

சராசரி வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கூடவே வந்த ரயிலுக்கு ஈடு. விமானம் என்பது திடலைச் சுற்றும் சர்க்கஸ் என்று நினைத்தவர்களுக்கு, அதில் ஏறி ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போகலாம் என்று அன்றுதான் புரிந்தது. சயின்டிஃபிக் அமெரிக்கன் கோப்பையும் மூன்றாவது முறையாக, நிரந்தரமாக அவருக்கே வந்தது.

அடுத்து: தண்ணீரும் கப்பலும்

தண்ணீரின் மேல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பறந்தவருக்கு அடுத்த கேள்வி இயல்பாகவே வந்தது. தண்ணீரில் விழாமல் இருக்க மிதவை கட்டுவதற்குப் பதில், தண்ணீரில் இருந்தே கிளம்பினால் என்ன?

பிரான்ஸில் ஆன்ரி ஃபாப்ர் 1910 மார்ச்சிலேயே நீரில் இருந்து எழும்பிக் காட்டிவிட்டார். அதை நம்பிப் பயன்படுத்தக்கூடிய வாகனமாக மாற்றியது கர்ட்டிஸ். 1911 ஜனவரி 26-ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் அவரது கடல் விமானம் எழும்பியது. அதற்குச் சில நாள் முன்பு, ஜனவரி 18-ல், யூஜின் ஈலி என்ற பைலட் கர்ட்டிஸ் விமானத்தை ஓட்டி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற போர்க்கப்பலின் மேல் இறங்கினார். மரத் தளத்தில் குறுக்காகக் கட்டிய கயிறுகள், இரண்டு முனையிலும் மணல் மூட்டைகள். விமானத்தின் கொக்கி கயிறைப் பிடித்ததும் வேகம் குறைந்து நின்றது. கொக்கியும் குறுக்குக் கம்பியும் இன்றும் விமானம் தாங்கிக் கப்பல்களில் உண்டு.

அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானம் கர்ட்டிஸ் தயாரிப்பு. அதன் முதல் பைலட்டுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான். அமெரிக்கக் கடற்படை விமானத் துறையின் தந்தை என்று அவரை அழைப்பது இதனால்தான். அமெரிக்க ஏரோ கிளப்பின் பைலட் உரிமம் எண் 1 கூட அவருடையது. முதல் உரிமங்களை ஆங்கில அகர வரிசையில் கொடுத்ததால் ரைட் சகோதரர்களுக்கு முன்னால் கர்ட்டிஸ் வந்துவிட்டார்!

கறை படிந்த அத்தியாயம்

கர்ட்டிஸ் கதையில் எல்லாமே பெருமைக்குரியது இல்லை. 1912-ல் வில்பர் ரைட் டைஃபாய்டில் இறந்தார். வழக்கு அலைச்சலே தன் அண்ணனை அரித்துவிட்டதாக ஆர்வில் கருதினார். கர்ட்டிஸ் மீது அவருக்கு இருந்த கோபம் கடைசிவரை தீரவில்லை. 1914 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரைட் தரப்புக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதே வருடம் ஸ்மித்சோனியன் நிறுவனம் கர்ட்டிஸிடம் ஒரு பழைய விமானத்தைக் கொடுத்தது. அதன் முன்னாள் செயலாளர் சாமுவேல் லாங்லி கட்டி, 1903-ல் பறக்க முடியாமல் நதியில் விழுந்த விமானம். அது பறக்கக்கூடியது என்று நிரூபித்தால், ரைட் சகோதரர்களுக்கு முன்பே பறக்கும் தகுதி உள்ள விமானம் இருந்தது என்று வாதிடலாம். கர்ட்டிஸ் ஆட்கள் அதைச் சரிசெய்து கியூகா ஏரியில் சற்று எழுப்பிக் காட்டினார்கள். ஆனால் பழுது பார்த்ததோடு நிறுத்தாமல் பல மாற்றங்களையும் செய்திருந்தார்கள். ஸ்மித்சோனியன் அந்த மாற்றங்களைச் சொல்லாமல் லாங்லிக்குப் பெருமை சேர்த்தது.

ஆர்வில் கொதித்துப்போனார். 1903-ல் பறந்த தங்கள் விமானத்தை 1928-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-ல் ஸ்மித்சோனியன் தவறை ஒப்புக்கொண்ட பிறகுதான் சமாதானம். அந்த விமானம் அமெரிக்காவுக்குத் திரும்பியது 1948-ல். அதைப் பார்க்க ஆர்வில் உயிரோடு இல்லை.

காப்புரிமைச் சண்டையால் யாருக்கு லாபம்? பெரிதாக யாருக்கும் இல்லை. முதல் உலகப் போர் தொடங்கியபோது ஐரோப்பிய விமானங்கள் எங்கேயோ போயிருந்தன, அமெரிக்கா பின்தங்கியிருந்தது. 1917-ல் போரில் இறங்கியபோது அரசே தலையிட்டு, எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே கூட்டமைப்பின் கீழ் கொண்டுவந்து பூட்டை உடைத்தது.

ஜென்னி முதல் அட்லாண்டிக் வரை

போர் கர்ட்டிஸைப் பெரும் தொழிலதிபராக்கியது. அவரது நிறுவனத்தின் ஜே.என்-4 விமானத்துக்குச் செல்லப் பெயர் ஜென்னி. ஆயிரக்கணக்கில் தயாரானது. அமெரிக்க, கனடா பைலட்களில் பெரும்பாலோர் பழகியது இதில்தான். போர் முடிந்ததும் மிச்சமான ஜென்னிகள் மலிவு விலைக்கு வந்தன. ஊர் ஊராகப் போய் சாகசம் காட்டியவர்கள் வாங்கினார்கள். சார்லஸ் லிண்ட்பெர்க் சொந்தமாக வாங்கிய முதல் விமானமும் ஜென்னிதான். 1918-ல் வெளியான அமெரிக்க விமானத் தபால் தலையிலும் ஜென்னி படம். ஒரு தாளில் மட்டும் விமானம் தலைகீழாக அச்சாகிவிட, அந்தத் தலைகள் இன்று பெரும் விலை போகின்றன.

1919 மே மாதம் அமெரிக்கக் கடற்படையின் என்.சி-4 என்ற பெரிய கடல் விமானம் இடையில் நின்று நின்று அட்லாண்டிக்கைக் கடந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. லிண்ட்பெர்க் தனியாகக் கடந்ததற்கு எட்டு வருடம் முன்பு. அதைக் கடற்படையோடு சேர்ந்து உருவாக்கியதும் கர்ட்டிஸ் நிறுவனம். இந்தியாவுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அசாமில் இருந்து இமயமலைத் தொடரைத் தாண்டி சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்களில் கர்ட்டிஸ் நிறுவனத்தின் சி-46 விமானங்கள் முக்கியமானவை. அப்போது கர்ட்டிஸ் உயிரோடு இல்லை.

உயிரோடு இருந்தபோதே அவர் விமானத் தொழிலில் இருந்து மெல்ல விலகிவிட்டார். நிறுவனம் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. 1920-களில் ஃபுளோரிடாவில் நிலம் வாங்கி ஊர்களையே உருவாக்கினார். மயாமிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹயாலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபா-லாக்கா ஆகிய மூன்றிலும் அவர் பங்கு உண்டு. ஓபா-லாக்காவை அரபுக் கதை நகரம் போல குவிமாடங்களோடு கட்டினார்கள்.

1929 ஜூலையில் நடந்ததை 1910-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கர்ட்டிஸ் பெயரில் இருந்த நிறுவனமும் ரைட் பெயரில் இருந்த நிறுவனமும் ஒன்றாகி, கர்ட்டிஸ்-ரைட் ஆனது. அதற்குப் பல வருடம் முன்பே ஆர்வில் தன் நிறுவனத்தை விற்றுவிட்டார். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு பெயர்கள் இன்றும் ஒரே பெயர்ப் பலகையில் இருக்கின்றன.

இன்று ஹட்சன் வழி எப்படி இருக்கு?

நியூயார்க்கைச் சுற்றி மூன்று பெரிய விமான நிலையங்கள். அவற்றின் வான்வெளிக்குள் சின்ன விமானங்கள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஆனால் ஹட்சன் நதியின் மேல் மட்டும், சுமார் 1,300 அடி உயரத்துக்குக் கீழே, கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி வாங்காமலே பறக்க ஒரு தாழ்வாரம் விட்டுவைத்திருக்கிறார்கள்.

சாலை விதி போலத்தான் விதிகள். நதியின் வலது ஓரமாகப் போகணும். அமெரிக்காவில் சாலையிலும் வலது பக்கம்தான் என்பதால் அவர்களுக்குப் பழக்கம். வேகம் 140 நாட்டுக்கு, அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டருக்கு மிகாமல் இருக்கணும். விளக்குகள் எரியணும். குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது ரேடியோவில் தானே அறிவிக்கணும். இந்த விதிகள் கடுமையானது 2009 ஆகஸ்டில் ஒரு சின்ன விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் நதியின் மேல் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு. அதே வருடம் ஜனவரியில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் நின்றுபோன பயணிகள் விமானம் ஒன்று இதே நதியில் இறங்கி, 155 பேரும் உயிர் பிழைத்தார்கள். இன்ஜின் நின்றால் நதி இருக்கிறது என்ற கர்ட்டிஸின் கணக்கு 99 வருடம் கழித்தும் தப்பவில்லை.

பைலட்கள் அறிவிக்க வேண்டிய இடங்களில் ஒன்று 'இன்ட்ரெபிட்'. மன்ஹாட்டன் கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் பழைய விமானம் தாங்கிக் கப்பல் அது. இரண்டாம் உலகப் போரில் அதன் தளத்தில் இருந்து பறந்தவற்றில் கர்ட்டிஸ் நிறுவனத்தின் ஹெல்டைவர் விமானங்களும் உண்டு.

கடைசியாக ஒரு முறை

1910 பயணத்தின் இருபதாம் ஆண்டு நிறைவில், 1930 மே மாதக் கடைசியில், கர்ட்டிஸ் மறுபடியும் அல்பனிக்கு வந்தார். இந்த முறை கர்ட்டிஸ் கான்டார் என்ற இரட்டை இன்ஜின் பயணிகள் விமானம். அதே நதி, அதே மலைகள், அதே திசை. விமானத்தின் கட்டுப்பாட்டில் அவரும் உட்கார்ந்தார். பைலட்டாக அவர் பறந்தது அதுவே கடைசி.

திவாலான பழைய கம்பெனிக்காக ஹெர்ரிங் போட்ட வழக்கு மட்டும் அப்போதும் முடியவில்லை. அந்த வழக்குக்காக ராச்செஸ்டர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தபோது கர்ட்டிஸுக்குக் குடல்வால் வலி வந்தது. பஃபலோ நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து, 1930 ஜூலை 23-ல் இறந்தார். வயது 52. உடலைச் சொந்த ஊரான ஹேமண்ட்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவந்து, 'ஜூன் பக்' பறந்த அந்தப் பள்ளத்தாக்கிலேயே அடக்கம் செய்தார்கள்.